பிணைப் பணம் கட்டலாம், பாடம் யார் நடத்துவது?

இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்கு ஆளணியும் நிதியும் தீர்மானிப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் என் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கல்வி விடுமுறையில் அவுஸ்திரேலியா போன விரிவுரையாளர் ஒருவர் பிஎச்டி முடித்த கையோடு பதவி விலகிவிட்டார். படிப்பு முடிந்து திரும்பிவந்து பணியாற்றாவிட்டால் பணம் கட்டுவதாக அவர் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் நானும் ஒருவன். அவர் கட்டத் தவறினால் அந்தப் பணத்தை நான் கட்டவேண்டுமாம். அவர் என்னிடம் படித்தவர். 2018இல் கையெழுத்துப் போட்டபோது எனக்குத் துளியும் தயக்கம் இருக்கவில்லை. இன்றைக்கும் அவர்மீது கோபம் இல்லை. ஏன் இல்லை என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2022 யூனில் ஒருநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். நான் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "சேர், நாங்கள் வந்தால் பிள்ளைக்குப் பால்மா எடுக்கேலுமோ?" என்று கேட்டார். எனக்கு முன்னால் முந்நூறு மோட்டார் சைக்கிளாவது நின்றிருக்கும். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருடக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் ஒரு சம்பளத்தாளை வைத்துப் பாருங்கள். 2022 பெப்ரவரியில் மாதம் 2 லட்சம் ரூபாய் வாங்கியவருக்கு அது ஏறக்குறைய 1,000 அமெரிக்க டொலர். மே மாதம் அதே 2 லட்சம் 560 டொலரைத் தொடவில்லை. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்துக்குப் பக்கத்தில் போனது. அப்புறம் 2023 ஜனவரியில் புதிய வரி வந்தது. மாதம் 1 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 6 சதவீதத்தில் தொடங்கி, 3 லட்சம் தாண்டிச் சற்று மேலே போனால் 36 சதவீதம். வரி கட்ட நாங்கள் மறுக்கவில்லை. வீட்டுக் கடன் வட்டியும் மின்கட்டணமும் ஏறிய அதே மாதங்களில் அதுவும் வந்து சேர்ந்ததுதான் பலரைக் கடவுச்சீட்டு வரிசைக்கு அனுப்பியது. வவுனியா அலுவலக வாசலில் இரவிரவாகக் காத்திருந்தவர்களில் எங்கள் பட்டதாரிகள் எத்தனையோ பேர். 2025 ஏப்ரலில் வரிவிலக்கு எல்லையை ஒன்றரை லட்சமாக உயர்த்தினீர்கள். நல்லது. ஆனால் போனவர்கள் அதற்குள் அங்கே வேரூன்றிவிட்டார்கள்.

"இலவசக் கல்வியில் படித்துவிட்டு ஓடிவிட்டார்கள்" என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கரா காலத்திலிருந்து இந்த நாட்டின் ஏழைச் சனங்கள் கட்டிய வரியில்தான் நானும் படித்தேன், அவரும் படித்தார். அந்தக் கடன் உண்மையானது. ஆனால் அதைக் காசாக வசூலித்து நிறுவனத்தின் கணக்கில் போட்டுவிட்டால் திங்கட்கிழமை காலை எட்டு மணி விரிவுரையை யார் நடத்துவது?

என் அறை இருக்கும் மாடியில் ஆறு அறைகள். மூன்று பூட்டிக் கிடக்கின்றன. பெயர்ப்பலகைகளை யாரும் கழற்றவில்லை. ஒருவர் விடுமுறையில் இருக்கும்வரை அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஆள் எடுக்க முடியாது. விலகிய பிறகும் ஆட்சேர்ப்பு அனுமதிக்காகக் கோப்பு மாதக்கணக்கில் அலைகிறது. இடையில் போன வருடம் பட்டம் பெற்ற ஒரு பிள்ளையைத் தற்காலிக விரிவுரையாளராகப் பிடித்துவந்து மூன்று பாடங்களைத் தலையில் கட்டுகிறோம். அந்தப் பிள்ளை இரவெல்லாம் விழித்திருந்து, போனவருடைய பழைய ஸ்லைடுகளை வைத்துத்தான் படிப்பிக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் அவருடைய பெயர் இன்னும் இருக்கிறது.

இறுதியாண்டில் முல்லைத்தீவு மாணவி ஒருத்தி இருக்கிறாள். நெல் விளைச்சல் பற்றிய காலத்தொடர் தரவில் ஆய்வு செய்கிறாள். அந்தத் துறையில் எனக்கு அரைகுறை அறிவுதான். பதவி விலகிப் போன அவருக்கோ அதில்தான் பிஎச்டி. இங்கே இரவு ஏழு மணியாகும்போது மெல்பேர்னில் நள்ளிரவு. அந்த நேரத்தில் அவர் அவளுடைய வரைவைத் திருத்தி அனுப்புகிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. நான் பார்த்த ஒரு பக்கத்தில் பதினேழு குறிப்புகள். கடைசிக் குறிப்பில், "இந்த வரைபடத்தில் 2009ஐ ஏன் விட்டீர்? அங்கேதான் கதை இருக்கு" என்று எழுதியிருந்தார். முல்லைத்தீவில் பிறந்த பிள்ளைக்கு அந்த வருடத்தில் விதைப்பு ஏன் இல்லை என்று யாரும் விளக்கத் தேவையில்லை. மூன்று நாள் கழித்து அந்த அத்தியாயத்தை முழுதாக மாற்றி எழுதிக்கொண்டு வந்தாள்.

சரி, நான் கேட்பது இதுதான். அவரைப் போன்றவர்கள் கடனைப் பாடமாகத் தீர்க்க விடுங்கள். இணையவழியில் ஒரு பாடம், ஆண்டுக்கு இரண்டு ஆய்வுகளுக்கு இணை மேற்பார்வை, அங்கே விடுமுறை விடும்போது இங்கே வந்து ஆறு வாரம் விரிவுரை. இவற்றுக்கு மணிக்கணக்கு வைத்து பிணைத் தொகையிலிருந்து கழியுங்கள். பணமாகக் கட்ட விரும்புபவர் கட்டட்டும். போர் முடிந்த பிறகு, எண்பதுகளில் போன எத்தனையோ பேர் சொந்தச் செலவில் விமானமேறி வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். அவர்களை அழைத்துவர எந்தப் பத்திரமும் இருக்கவில்லை.

அதேபோல ஒருவர் பதவி விலகிய அன்றே அந்த இடத்தை விளம்பரப்படுத்தும் அனுமதி தானாகக் கிடைக்கவேண்டும். அது ஏற்கெனவே நீங்கள் அனுமதித்த ஆளணிதான், புதிதாக ஒரு சதமும் நாங்கள் கேட்கவில்லை. தற்காலிகமாக நின்று தேயும் அந்தப் பிள்ளையும் அதற்கு விண்ணப்பிக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த கடவுச்சீட்டு வரிசையில் அதுதான் நிற்கும். ஏற்கெனவே ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். கேட்கப் பயந்து நான் இன்னும் கேட்கவில்லை.

முல்லைத்தீவு மாணவியின் ஆய்வறிக்கை அடுத்த மாதம் சமர்ப்பிக்கப்பட வேண்டும். மேற்பார்வையாளர் என்ற இடத்தில் இப்போது என் பெயர் மட்டும் இருக்கிறது. மெல்பேர்னில் இருப்பவருடைய பெயரையும் போட அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர், பிணையாளி