பானட்டுக்கு முன்னால் நிற்பவர் கார் வாங்க வந்தவர் அல்ல
வாகன விதிகளையும் வாகன வரிகளையும் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உறவினர் ஒருவர் புதிதாக வாங்கிய உயரமான காரில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். அவருடைய ஏழு வயது மகள் முன்பக்க பம்பரைத் தொட்டபடி நின்றாள். என் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. "நான் தெரிகிறேனா மாமா?" என்ற குரல் மட்டும் வந்தது. ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகச் சொன்னேன். ஐந்தாவது அடியில் தலைமுடி தெரிந்தது. எட்டாவது அடியில்தான் முகம் தெரிந்தது. எஞ்சின் ஓடவில்லை, சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் நெஞ்சு படபடத்தது.

அந்தப் பானட் அத்தனை உயரமாக இருக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்? தயாரிப்பாளர்கள் "மக்கள் விரும்புகிறார்கள்" என்கிறார்கள். நீங்களோ "அதைச் சந்தை தீர்மானிக்கிறது" என்று ஒதுங்கிக்கொள்கிறீர்கள். இரண்டு பதில்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. மக்கள் விருப்பம் என்று நீங்கள் சுட்டிக்காட்டுவதில் கணிசமான பங்கு உங்கள் விதிப்புத்தகத்தில் பிறந்தது.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனில் 1921 முதல் காருக்கு 'குதிரைத்திறன்' கணக்கில் வரி விதித்தார்கள். அந்தக் கணக்கு எஞ்சினின் உண்மையான திறனை அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டுமே பார்த்தது. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது கணக்கிலேயே இல்லை. பொறியாளர்கள் என்ன செய்வார்கள்? சிலிண்டரை ஒடுக்கி, பிஸ்டனின் ஓட்டத்தை நீட்டினார்கள். அகன்ற சிலிண்டர் கொண்ட ஃபோர்டின் மாடல் டி அங்கே அதிக வரியில் மாட்டிக்கொண்டது. அந்த வரி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் போனது. அதுவரை ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் வரிச்சூத்திரத்துக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்தார்கள். ஒடுங்கிய சிலிண்டர் வேண்டும் என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதாக நான் நினைக்கவில்லை.

இதே கதை எங்கும் நடக்கிறது. ஜப்பானில் 'கேய்' எனப்படும் சிறிய கார்களுக்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி என்பது வரம்பு. உயரத்தில் மட்டும் 2 மீட்டர் வரை இடம் இருந்ததால் அவை பெட்டிகளைப் போல மேல்நோக்கி வளர்ந்தன. இந்தியாவில் 2006-இல் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். டிக்கியை வெட்டிச் சுருக்கிய செடான்கள் வந்தன. பின்பக்கம் பாதியில் நின்றுபோனதுபோல் இருக்கும் அந்த வடிவத்தை வரைந்தது வடிவமைப்பாளரின் பென்சில் என்றாலும், கோட்டை நிறுத்தச் சொன்னது வரி அட்டவணை.

இவை பெரிய தீங்கு செய்யவில்லை. அமெரிக்கா செய்தது வேறு வகை. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. நல்ல நோக்கம். ஆனால் சாதாரணக் கார்களுக்கு ஒரு இலக்கு, 'இலகு டிரக்' வகைக்கு அதைவிடத் தளர்ந்த இலக்கு. விவசாயிக்கும் தச்சருக்கும் வேலை வண்டி வேண்டுமே என்ற நியாயம்தான். அந்த இடைவெளிக்குள் குடும்பக் கார்கள் நுழைந்துகொண்டன. கிரைஸ்லரின் பிடி குரூஸரைப் பார்த்தால் யாரும் டிரக் என்று சொல்லமாட்டார்கள். விதியின் கணக்கில் அது டிரக். பிறகு 2011 மாடல்களிலிருந்து, நான்கு சக்கரங்களுக்கு இடையே உள்ள பரப்பு கூடக் கூட இலக்கு தளரும்படி கார்களுக்கும் சூத்திரத்தை மாற்றினார்கள். பெரிதாகச் செய்தால் சலுகை என்று எழுதிவைத்துவிட்டு, வண்டிகள் ஏன் பெரிதாகின்றன என்று வியப்பதில் பொருளில்லை. பெரிய வண்டியில் லாபமும் அதிகம் என்பதால் விளம்பரம் அதன் பின்னாலேயே போனது. உயரத்தில் உட்கார்வதை விரும்பும் மனிதர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த விருப்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

அந்த நாட்டில் 2009-இல் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் ஏறத்தாழ 4,100 பேர். 2022-இல் அது 7,500-ஐத் தாண்டியது. சாலை அமைப்பு, வேகம், இருட்டு, கைப்பேசி எனக் காரணங்கள் பல. வண்டியின் முகப்பும் அவற்றில் ஒன்று. பானட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயரமும் சரிந்த முகப்பும் கொண்ட வண்டியைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் 2023-இல் கண்டது.

ஷோரூமில் பேரம் பேசும்போது இந்தப் பாதசாரி அங்கே இல்லை. அவர் பணம் தரவில்லை, நிறம் தேர்ந்தெடுக்கவில்லை, கருத்துக்கணிப்பில் அவரை யாரும் கேட்கவும் இல்லை. வாங்குபவரின் விருப்பத்தை மட்டும் எத்தனை முறை அளந்தாலும் இவருடைய உயிர் அந்தக் கணக்கில் வராது. இவருக்காகப் பேச உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

மறுபக்கத்தையும் நான் அறிவேன். மூக்கை நுழைக்கக் கூடாத இடத்தில் அரசு நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1974-ஆம் ஆண்டு மாடல்களே சாட்சி. சீட் பெல்ட் போடாவிட்டால் காரே கிளம்பாது என்று அமெரிக்காவில் விதி செய்தார்கள். இருக்கையில் வைத்த மளிகைப் பையைக்கூட ஆள் என்று நினைத்து வண்டி அடம்பிடித்தது. மக்கள் கொதித்தார்கள், அதே ஆண்டு அக்டோபரில் அந்த விதிக்கே தடை போட்டுச் சட்டம் வந்தது. எச்சரிக்கை ஒலிகூட எட்டு நொடிக்கு மேல் ஒலிக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றார்கள். ஒரு நல்ல பொருளை மோசமாகத் திணித்து, அதன் பெயரையே கெடுத்த கதை அது.

அதற்காக ஒதுங்கி நிற்பதும் சரியல்ல. அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் புகையை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னபோது பெரிய நிறுவனங்கள் முடியாது என்று கைவிரித்தன. ஹோண்டா தன் சிவிசிசி என்ற புதுவகை எஞ்சினால் முடியும் என்று காட்டியது. அந்தச் சட்டம் எஞ்சின் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. புகைக்குழாயிலிருந்து என்ன வரலாம் என்று மட்டும் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த விதி அதுதான்.

நான் கேட்பதும் அத்தகைய விதியைத்தான். நீளம், சிலிண்டர் விட்டம், சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு போன்ற, தீங்குக்குப் பதிலாக வேறொன்றை அளக்கும் அளவுகளைக் கைவிடுங்கள். எது தீங்கு செய்கிறதோ அதையே அளவிடுங்கள்: எரிந்த எரிபொருளை, வண்டியின் எடையை, முகப்பின் உயரத்தை, ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத தரையை. பிரான்ஸ் 2022 முதல் எடைக்கு வரி விதிக்கிறது. லண்டனில் கனரக லாரிகளுக்கு, ஓட்டுநர் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்று அளந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள்; போதாத வண்டி கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் உள்ளே வர முடியாது. லாரிக்குச் செய்ய முடிந்ததைக் காருக்கு ஏன் செய்யக் கூடாது? கேமரா இருக்கிறதே என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். அமெரிக்காவில் பின்பக்கக் கேமராவுக்கு 2008-இல் சட்டம் போட்டு, எல்லாப் புதிய கார்களிலும் அது வர 2018 ஆனது. மேலும், முன்னே நிற்கும் குழந்தையைத் திரையில் தேட வைக்கும் முகப்பை முதலில் ஏன் அனுமதிக்க வேண்டும்?

அடுத்த வரைவைக் கருத்துக் கேட்புக்கு அனுப்பும்போது, "ஓட்டுநர் இருக்கையிலிருந்து, வண்டிக்கு முன்னே நிற்கும் ஏழு வயதுக் குழந்தை இத்தனை அடிக்குள் தெரிய வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். எத்தனை அடி என்பதை நீங்களே ஒரு காரில் உட்கார்ந்து, ஒரு குழந்தையை முன்னால் நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
கார் ஓட்டுபவனும், அதைவிட அதிகம் நடப்பவனுமான ஒருவன்