பிராந்துக் குஞ்சுக்குச் சோறு தீத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க நகரக் கட்டடங்களில் பொரி வல்லூறுக் குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்கப் பழகுவது பற்றிப் போன கிழமை எழுதியிருந்தீர்கள். அங்கே குஞ்சு றோட்டில் விழுந்துவிடுமென்று ஆட்கள் கீழே காவல் நிற்பதும், விழுந்ததைத் தூக்கி மறுபடி மொட்டைமாடியில் விடுவதும் வாசிக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கிளிநொச்சியில் என் கடைக்குப் பின்னால் ஒரு போன் ரவர் நிற்கிறது. பக்கத்துப் பனைகள் ஷெல்லடியில் தலை போனவை, அதனாலோ என்னவோ செம்பிராந்து (கருடன்) ஒன்று ரவரிலேயே சுள்ளி அடுக்கிக் கூடு கட்டியது. போன பங்குனியில் அதன் குஞ்சு கீழே விழுந்தது. மண்ணிறம், செட்டை முழுக்க முளைத்திருந்தது, ஒரு காயமில்லை. வேலி மூலையில் வாயை ஆவென்று திறந்தபடி எங்களை முறைத்துக்கொண்டு நின்றது. பெடியள் பாவம் பார்த்து பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துப் பாலும் சோறும் தீத்தினார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தாயும் தகப்பனும் இரண்டு நாளும் ரவரைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. மூன்றாம் நாள் காலை குஞ்சு பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது. கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆட்கள் நாங்கள்!

விழுந்த குஞ்சு தாயில்லாத குஞ்சு இல்லை, இதை நீங்கள் இன்னும் அழுத்தி எழுதியிருக்கலாம். அந்தப் பொரி வல்லூறு சுள்ளிக் கூடே கட்டாது, செங்குத்தான மலைப்பாறை விளிம்பில் வெறும் தரையில் முட்டையிடும், உயர்ந்த கட்டடமும் அதுக்கு ஒரு மலைதான். ஏறக்குறைய ஆறு கிழமையில் குஞ்சு வெளிக்கிடும், ஆண் குஞ்சு சின்னது என்பதால் முந்திப் பறக்கும். தாய் இரையைக் காலில் வைத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்தில் இருந்து ஆசை காட்டும். முதல் பறப்பில் தவறி விழுவது வழமை. எங்கள் பிராந்துக்கும் இது பொருந்தும். ஒரு துணியால் மூடி, நகம் படாமல் தூக்கி, நாய் பூனைக்கு எட்டாத கூரையிலோ கொப்பிலோ வைத்துவிட்டு விலகி நின்றால் தாய் வந்து இரை கொடுக்கும். செட்டை முறிந்திருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், வீட்டில் வளர்க்க வேண்டாம்.

பிறகு நீங்கள் எழுதிய அந்த டி.டி.ரி பூச்சிமருந்து விஷயம். முட்டை ஓடு மெலிந்து அங்கே வல்லூறுகள் அழியப் பார்த்ததும், 1972இல் அதைத் தடை செய்த பிறகுதான் மீண்டதும் சரி. அதே மருந்தைத்தான் மலேரியாவுக்கென்று எங்கள் மண் வீட்டுச் சுவர்களுக்கும் அடித்தார்கள், வெள்ளை வெள்ளையாகச் சுவரில் படிந்திருக்குமென்று அம்மம்மா சொல்லுவா. அது காப்பாற்றிய உயிர்களை நினைத்தால் அதைத் திட்ட எனக்கு மனமில்லை.

இந்த வருடமும் அதே ரவரில் கூடு இருக்கிறது. திருத்த வேலைக்கு ஏறுகிறவர்கள் குஞ்சு பறக்கும் வரைக்கும் கூட்டைத் தட்டிவிடாமல் இருந்தால் நல்லது. நான் பழைய சாரம் ஒன்றை மடித்துக் கடையில் வைத்திருக்கிறேன்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி