தறியை நிறுத்தி வைத்தவருக்கும், வந்து பேசியவர்களுக்கும்

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம், மங்கலம் என்று பக்கத்து ஊர்களிலிருந்தும், தூரம் பார்க்காமல் கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் போன ஞாயிற்றுக்கிழமை நம் வாசகர் கூட்டத்துக்கு வந்திருந்த எல்லாருக்கும் வணக்கமுங்க.

நேரிலேயே நன்றி சொல்லத்தான் மைக்கைப் பிடித்தேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அரிசியும் பருப்பும் சோறு ஆறிவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது? நானும் மைக்கை வைத்துவிட்டு இலையைப் பார்த்துப் போய்விட்டேன். விட்டுப்போன நன்றிகளை இந்த மடலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, கூட்டத்துக்கே வராத ஒருவருக்கு. மண்டபத்தை ஒட்டித் தறிக்குடோன் (விசைத்தறிக் கொட்டகை) வைத்திருக்கிறாரே, அவருக்கு. ஆர்டர் அவசரமாம், ஞாயிறும் தறி ஓடிக்கொண்டிருந்தது. மைக் வைத்தும் மூன்றாவது வரிசையைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை. ஏற்பாடு செய்த தம்பிகள் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னதும், மறுபேச்சில்லாமல் மெயினை அணைத்துவிட்டார். தறிக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூலிக்கு நெய்கிறவருக்கு மீட்டர் கணக்கில்தான் காசு. பாவும் (நெடுக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுக்கிற ஜவுளி உற்பத்தியாளர், தறி நின்ற நேரத்துக்குச் சேர்த்துப் பணம் தரமாட்டார். கதை எழுதுகிற ஒருத்தன் பேச வேண்டும் என்பதற்காக ஒரு மத்தியானக் கூலியை விட்டுக்கொடுத்திருக்கிறார். "புஸ்தகத்துல தறிக்காரனப் பத்தி நல்லதா எழுதச் சொல்லுங்" என்று மட்டும் சொல்லியனுப்பினாராம். நல்லதாக வருமா என்று தெரியாதுங்க, உள்ளதை எழுதுகிறேன்.

எழுதிக்கொண்டிருக்கிற நாவலைப் பற்றித்தான் பேச்சு தொடங்கும் என்று நினைத்தேன். முதல் கேள்வியே சீரியலைப் பற்றி வந்தது. "கதைய ஏனுங்க இப்படி இழுக்கறீங்க? ஒரு கல்யாணம் முடிய மூணு மாசமா?" கேட்டவர் சூலூரிலிருந்து வந்திருந்த அக்கா. சில தொடர்களுக்கு வசனம் எழுதியவன் என்பதால் தமிழ்நாட்டில் ஓடுகிற எல்லாத் தொடருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சரி, சொன்னேன். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு அரை மணி நேரம். விளம்பரம் போகக் கையில் நிற்பது 22 நிமிடம் சொச்சம். கதை ஒருவர், திரைக்கதை இன்னொருவர், வசனம் வேறொருவர். வசனக்காரன் கைக்குக் காட்சி வந்து சேருகிற நேரத்தில் அங்கே செட்டில் லைட் போட்டுக் காத்திருப்பார்கள். அப்பாவாக நடிப்பவருக்கு வேறு படப்பிடிப்பு வந்துவிட்டால், அப்பா திடீரென்று காசிக்குக் கிளம்பிவிடுவார். வியாழக்கிழமை ரேட்டிங் வரும். குறிப்பிட்ட சில வீடுகளில் பொருத்தி வைத்திருக்கிற மீட்டர் சொல்லும் கணக்கு அது. கல்யாணப் பந்தலில் ரேட்டிங் ஏறிவிட்டால், பந்தலைப் பிரிக்க எவருக்கும் மனசு வராது.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பின்வரிசையிலிருந்து இன்னொரு அக்கா எழுந்தார். தறிக்கு வேலைக்குப் போகிறவர். "இழுங்க, வேண்டாங்கல. ஆனா அந்த வீட்டுல ஒருத்தராச்சும் வேலைக்குப் போறாங்களா? அரிசி வாங்கறது யாரு காசு?" என்றார். மண்டபமே சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டேன். சீரியல்களைப் பற்றிப் படித்தவர்கள் எழுதிய எத்தனையோ விமர்சனங்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. டிவியில் வருகிற கொங்கு வீட்டில் ஊஞ்சல் உண்டு, பெரிய மீசை உண்டு, காலையிலேயே பட்டுச்சேலை உண்டு. ஷிப்ட்டு முடித்துத் தலையில் பஞ்சோடு வீட்டுக்குள் நுழைகிற பெண் ஒருத்தியும் கிடையாது. அக்காவுக்கு நன்றி. அந்தக் கேள்வியை என் நாவலில் ஒரு பாத்திரம் கேட்கப்போகிறது, முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்கிறேன்.

இழுப்பதைப் பற்றி இன்னொரு கட்சியும் அங்கே இருந்தது. காங்கயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தம் சின்ன வயதில் பொன்னர், சங்கர் என்கிற அண்ணன்மார் சாமி கதை கேட்டதைச் சொன்னார். உடுக்கை அடித்துக் கதை பாடுகிற பாட்டுக்காரர் வந்தால் ஒரு இரவில் முடிகிற கதையா அது? இரவு இரவாக நடக்கும். பொன்னரும் சங்கரும் சண்டைக்குக் கிளம்புகிற இடத்தில் உடுக்கையை நிறுத்திவிட்டு, மீதி நாளைக்கு என்று எழுந்து போய்விடுவாராம். "இழுக்கறத சீரியல்காரன் ஒண்ணும் கண்டுபுடிக்கலீங்க. ஆனா அந்தப் பாட்டுக்காரன் மறுநா வரும்போது, நேத்து எங்க உட்டான்னு அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்" என்றார் பெரியவர். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்டு பண்ணி வைத்திருந்ததைக் கொண்டுவந்து காட்டிய டீச்சரம்மாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். காத்திருப்பதில் ஜனங்களுக்குச் சங்கடமில்லை. போன வாரம் நடந்ததை எழுதுகிறவன் மறந்துவிடுவதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

இனி நாவல். வராதவர்களுக்காக இரண்டு வரி. கூலிக்கு நெய்கிற ஒரு தறிக்குடும்பம்; அந்த வீட்டுக்குள் 1987இல் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வருகிறது. அங்கிருந்து, 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கி, கேபிள்காரர் தெருவில் ஒயர் இழுத்த காலம்வரை கதை ஓடுகிறது. டிவி என்பது இதில் ஒரு சாமான் மட்டும்தான். அதைச் சுற்றி யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாரை உட்காரவிடவில்லை என்பதுதான் என் கவலை. இதற்கு வேண்டியதில் பாதியை அன்றைக்கு நீங்கள்தான் கொடுத்தீர்கள்.

டிவி மெக்கானிக் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. இப்போது செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கூரைகளில் அவர் ஏறாத கூரை இல்லை. அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே ஆன்டெனாவை வரைந்து காட்டினார். நடுவில் வளைந்த குழாய், பின்னால் நீளமான ஒரு குச்சி, முன்னால் வரவரச் சின்னதாகிற குச்சிகள். எல்லாம் அலுமினியம். தட்டையான ஒயர் இறங்கி வரும், நடுவில் பூஸ்டர். முகம் தெற்கே, கொடைக்கானலைப் பார்த்து. காற்று அடித்தாலும் காக்கா உட்கார்ந்தாலும் திரும்பிவிடும். மேலே ஒருத்தர் குழாயைப் பிடித்துத் திருப்புவார், வாசலில் ஒரு பையன் நிற்பான், உள்ளே டிவி முன்னால் பாட்டி. "தெரியுதா?" "தெரியல." "இப்ப?" "கொஞ்சம் தெரியுது." செய்தி பாட்டியிடமிருந்து பையன் வழியாகக் கூரைக்குப் போய்ச் சேருவதற்குள் படம் போயிருக்கும். மலையில் பட்டுத் திரும்புகிற அலையால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவதுண்டு. "அதச் சரி பண்ண முடியாதுங்க, அதனால ரெண்டு பேரு நடிக்கறாங்கன்னு சொல்லிட்டு எறங்கிருவேன்" என்றார். அண்ணா, இந்த வசனத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போட்டுக்கொள்கிறேன்.

1987 ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியபோது, இந்தி தெரியாத ஊர்கள் அதை எப்படிப் பார்த்தன என்று கேட்டிருந்தேன். கை தூக்கியவர்கள் நிறைய. எனக்குப் பிடித்தது அவிநாசிப் பக்கத்துக் கதை. மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்வாராம். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் சொல்லாமல் பார்த்தால் பார்த்த மாதிரியே இருக்காதாம். பாதி அவராகச் சேர்த்துச் சொன்னது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்ததாம். இந்த மனிதர் என் நாவலில் ஒரு முழு அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார், சொல்லிவிட்டேன்.

அப்புறம் அந்த அக்கா. அரிசி யார் காசு என்று கேட்டவரேதான். ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படம் போடுவதற்கு முன்னால் காது கேளாதோருக்கான செய்தி ஒன்று வருமே, நம்மில் பெரும்பாலானோருக்கு அது படம் வருவதற்கு முன் பல்லைக் கடித்துக் கடத்திய நேரம். அந்த அக்கா சொன்னார்: "எங்கம்மா அத உடாம பாப்பாங்க. தறிக்குள்ள நாங்க அப்படித்தானே பேசிக்குவோம்." பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து நின்று செய்து காட்டினார். ஆள்காட்டி விரலைச் சுண்டினால் இழை அறுந்திருக்கிறது. கட்டைவிரலைக் கீழே காட்டினால் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய குச்சி, தீர்ந்துவிட்டது. வயிற்றில் உள்ளங்கையை வைத்தால் சாப்பிடப் போகிறேன், என் தறியையும் பார்த்துக்கொள். மீசையை முறுக்குகிற மாதிரி செய்தால் முதலாளி வருகிறார். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த தறிக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர், வேறுவேறு ஊர்க்காரர்கள், உடனே தங்கள் குடோன் கைப்பேச்சை ஆளுக்கொன்றாகக் காட்டத் தொடங்கினார்கள். மங்கலத்தில் முதலாளிக்கு மீசை கிடையாது, சட்டைப் பையைத் தட்டினால் அவர். மைக் பிடித்திருந்த தம்பிக்குக் கொஞ்ச நேரம் வேலையே இல்லாமல் போய்விட்டது. தறிச் சத்தத்தை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவதென்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை எழுத வேண்டாம், கைகளை எழுதினால் போதும் என்று எனக்கு அங்கேதான் பட்டது. அக்காவுக்கும், அவர் அம்மாவுக்கும் பெரிய நன்றி.

பழைய இரும்புக்கு விற்கத் தறியை உடைக்கிற காட்சி நாவலின் கடைசிப் பகுதியில் வருகிறது. அதைப் பற்றிப் பேசலாமா வேண்டாமா என்று யோசித்தேன், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் அதைச் செய்தவர்கள் இருந்தார்கள். பல்லடத்துக்காரர் ஒருவர் தானாகவே சொன்னார். முதலில் மோட்டாரைக் கழற்றுவார்களாம், அதற்குத் தனி விலை. பிறகு பாவு நூல் சுற்றிய உருளையை, பாவு பீமை, இறக்குவார்கள். மிச்சமெல்லாம் பழைய இரும்புக் கணக்கில் கிலோவுக்குப் போகும். பக்கச் சட்டங்கள் வார்ப்பிரும்பு. சம்மட்டியால் இரண்டு போட்டால் மண்சட்டி மாதிரி உடையும். "அன்னிக்குப் பொம்பளைகள ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டுக்கு அனுப்பிச்சிட்டோமுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐயா, உங்களிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சொன்னதே அதிகம்.

இதைக் கேட்டதும் சூலூர் அக்கா கதையில் வருகிற அப்பாவைச் சாகடிக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். சீரியலில் சாகடிப்பது போதாதா, புத்தகத்திலுமா என்று வாதம். அண்ணன்மார் கதை சொன்ன காங்கயம் பெரியவர்தான் சமாதானம் செய்தார். அண்ணன்மாரே படுகளத்தில் சாய்ந்தவர்கள்தான், தங்கை தங்காள் வந்து எழுப்பவில்லையா? "சாகடிக்கறதுன்னா சாகடிங்க. எழுப்பறதுக்கு ஒரு பொண்ணு இருக்கட்டும்" என்றார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அந்த வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு இதுவரை கதையில் பெரிய வேலை எதுவும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

கல்லூரித் தம்பிகள் இதை ஓடிடியில் எட்டு எபிசோடாக எடுக்கலாம் என்றார்கள், கோவையிலேயே எடுங்கள் என்றார்கள். ஏன் முடியாது? சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டுடியோவும் இருந்த ஊர் இது. சென்னை நடிகர்கள் இங்கே வந்து தங்கி நடித்துக் கொடுத்துவிட்டுப் போன காலம் உண்டு. இப்போதைக்கு முதலில் நாவல் முடியட்டும், தம்பிகளா. எடுப்பதானால் தறி வேலை செய்கிறவர்களையே நடிக்க வைக்க வேண்டும் என்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மண்டபத்துக்கு வாடகை வாங்காத குடும்பத்துக்கும், சமையல் அம்மாக்களுக்கும், பேச்சு முழுவதையும் பதிவு செய்து, பிறகு உட்கார்ந்து டைப் செய்தும் கொடுத்த தங்கைக்கும் நன்றி. வயல் வேலையை விட்டுவிட்டு வந்து நாற்காலி போட்ட தம்பிகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன், வீட்டுப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு அத்தியாயங்களை அச்செடுத்து, கேட்டவர்களுக்கு அடுத்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். தறி வேலை பற்றி எங்கே இடித்தாலும் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்புங்கள். மெக்கானிக் அண்ணா, அந்த அழைப்பிதழ் என்னிடம்தான் இருக்கிறது, தேட வேண்டாம். அப்புறம், எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று மூடியோடு மண்டபத்திலேயே இருக்கிறதாம். யாருடையது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்க.