பெயர் சொல்லிக் கேட்டவருக்கு: ஆந்திரேய் சாகரவ் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சோவியத் ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான நீங்கள் மனித உரிமைக்காகப் போராட வந்ததை, பாவம் செய்தவர் பரிகாரம் தேடிய கதையாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் போட்ட கணக்கே உங்களை நீதிமன்ற வாசல் வரை அழைத்துச் சென்றது என்று நம்புகிறேன்.

1955 நவம்பர் 22 அன்று கசகஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க் சோதனைத் திடலில் உங்கள் குண்டு வெடித்தபோது, ஒரு சிற்றூரின் மக்கள் பதுங்கு குழிக்குள் இருந்தார்கள். வெளிச்சத்தைக் கண்டதும் எல்லோரும் வெளியே ஓடிவர, இரண்டு வயதுப் பெண் குழந்தை மட்டும் உள்ளே இருந்துவிட்டது. அடுத்து வந்த அதிர்வலையில் குழி இடிந்து அக்குழந்தை இறந்தது. இக்கருவிகள் சோதனைத் திடல்களில் மட்டுமே வெடிக்கட்டும், ஒருபோதும் நகரங்களின் மீது வேண்டாம் என்று அன்றிரவு விருந்தில் நீங்கள் வாழ்த்துச் சொன்னீர்கள். படைத்தளபதி மார்ஷல் நெதெலின் ஆபாசக் கதையொன்றைச் சொல்லி உங்கள் வாயை அடைத்தார். செய்து கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது என்பதே அதன் பொருள்.

ஆனால் நீங்கள் கணக்கை நிறுத்தவில்லை. வளிமண்டலச் சோதனைகளில் உண்டாகும் கதிரியக்கக் கார்பன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலும் உணவிலும் உடலிலும் தங்கும் என்பதால், மற்ற கதிரியக்கப் பொருள்களையும் சேர்த்து, ஒரு மெகாடன் (பத்து லட்சம் டன் வெடிமருந்துக்குச் சமமான) வெடிப்புக்குச் சுமார் 10,000 பேர் பலியாவார்கள் என்று 1958இல் மதிப்பிட்டீர்கள். அவர்கள் யார், எந்த நாட்டில், எந்த நூற்றாண்டில் சாவார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. அடையாளம் தெரியாதவர்களின் சாவுக்கும் பொறுப்பு உண்டு என்ற அந்தப் பிடிவாதத்தில்தான் உங்கள் பிற்கால வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1968இல் அமைதியான சகவாழ்வும் அறிவுச் சுதந்திரமும் பற்றிய உங்கள் கட்டுரை வெளிநாட்டில் அச்சானதும் இரகசியப் பணியிலிருந்து நீக்கப்பட்டீர்கள். 1975இல் அமைதிக்கான நோபல் பரிசை ஆஸ்லோவில் உங்கள் மனைவி எலேனா போன்னர் பெற்றுக்கொண்டபோது, நீங்கள் லிதுவேனியாவின் வில்னியஸில், மனித உரிமைப் போராளியான நண்பர் செர்கேய் கவல்யோவின் வழக்கு நடந்த நீதிமன்றத்துக்கு வெளியே நின்றிருந்தீர்கள், உள்ளே விடவில்லை. உங்கள் நோபல் உரையிலோ சிறையிலிருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. சம்பிரதாய உரையில் பெயர்ப் பட்டியல் எதற்கு என்று யாராவது முகம் சுளித்திருக்கலாம். எனக்கு அந்த உரையின் உயிரே அதுதான்.

ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்ததற்காக 1980 ஜனவரியில் விசாரணையே இல்லாமல் கோர்க்கி நகருக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கேயே கண்காணிப்பில் வைக்கப்பட்டீர்கள். உண்ணாவிரதம் இருந்தபோது வலுக்கட்டாயமாக உணவைப் புகட்டினார்கள். 1986 டிசம்பர் 15 இரவு வீட்டுக்குத் திடீரெனத் தொலைபேசி இணைப்பு வந்தது. மறுநாள் சோவியத் தலைவர் கோர்பச்சோவே பேசி, மாஸ்கோ திரும்பலாம் என்றார். ஏறத்தாழ ஏழாண்டுக் கட்டாய வாசம் முடிந்த அந்த நிமிடத்தில், நன்றி சொன்ன கையோடு, சில நாள் முன்பு சிறையில் உயிரிழந்த அரசியல் கைதி அனத்தோலி மார்ச்சென்கோவின் பெயரைச் சொல்லி, தங்கள் கருத்துகளுக்காகச் சிறையிலிருந்த மனசாட்சிக் கைதிகள் அனைவரையும் விடுவிக்கக் கேட்டீர்கள். உங்கள் வாழ்க்கையில் நான் மீண்டும் மீண்டும் படிப்பது இந்த உரையாடலைத்தான்.

ஒரு செய்தியையும் உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் முதல் கௌரவத் தலைவராக இருந்த, சோவியத் அடக்குமுறைக்குப் பலியானவர்களின் நினைவைக் காக்கும் மெமோரியல் அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஸ்டாலின் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை அக்டோபர் 29 அன்று மக்கள் வரிசையில் நின்று உரக்க வாசிக்கும் வழக்கத்தை மாஸ்கோவில் தொடங்கியது அந்த அமைப்புதான். தடைக்குப் பிறகும் இணையத்திலும் வெளிநாட்டு நகரங்களிலும் அந்த வாசிப்பு தொடர்கிறது.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் வாசகன்