கூசா ஆற்று நத்தைகள்

ஆசிரியருக்கு வணக்கம். அழிந்துபோன உயிரினம் என்றால் டோடோ பறவையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓடும் கூசா ஆற்றின் நத்தைகளைப் பற்றியும் எழுதுங்கள். கைரோடோமா என்ற நன்னீர் நத்தைப் பேரினத்தின் வாழிடம் அந்த ஆறுதான். ஓட்டின் வாயோரத்தில் ஒரு பிளவு, அதுவே அடையாளம். வேகமாக ஓடும் ஆழமற்ற நீரில், பாறைப் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்ந்தவை. 1914 முதல் வரிசையாக அணைகள் எழுந்தன. நீரோட்டம் அடங்கியது, பாறைகளை வண்டல் மூடியது. 6 இனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மனம் ஆறவில்லை!

அதே மாநிலத்தின் கஹாபா ஆற்றில், 2000இல் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட லெப்டாக்சிஸ் காம்பாக்டா நத்தை 2011இல் உயிரோடு கிடைத்தது. அணைத் திட்டங்களுக்கு ஒப்புதல் தருமுன் ஆற்றடி நத்தைகளையும் கணக்கெடுக்கத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும்.

– ஒரு வாசகர்