டெக்சாஸிலிருந்து அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் நலம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாக அண்ணி சொன்னார். நடவு வேலை மும்முரமாக இருக்கும், இருந்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

வேலையோடு இன்சூரன்ஸும் போய்விட்டதே, ஆண் ஹார்மோன் ஊசிக்கு என்ன செய்கிறான் என்று அம்மா தூங்காமல் கிடப்பதாகச் சொன்னீர்கள். மேட்டாங்காட்டைப் போக்கியத்துக்கு விட்டுப் பணம் அனுப்பட்டுமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம் அண்ணா. காட்டைத் தொடாதீர்கள். கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

இங்கே இன்சூரன்ஸ் வேலையோடு ஒட்டியது. வேலை போன பிறகும் அதே இன்சூரன்ஸை 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம், கோப்ரா என்று பெயர். ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் 2 சதவீதம் வரை வேறு. எங்கள் மூவருக்கும் மாதம் 2,000 டாலருக்கு மேல் வந்தது. அதனால் மனைவிக்கும் பாப்பாவுக்கும் மட்டும் வேறு பாலிசி எடுத்தோம். இப்போது பார்க்கும் காண்ட்ராக்ட் வேலை நிலைக்கும் வரை எனக்கு இல்லை.

மருந்து விலை அவ்வளவு மோசமில்லை. நான் போடும் ஆண் ஹார்மோன் ஊசியின் பெயர் டெஸ்டோஸ்டிரோன் சைபியோனேட், பழைய மருந்து, பல கம்பெனிகள் செய்கின்றன. ஒரு மி.லி. குப்பியில் 200 மி.கி. இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்கிறேன். மாதத்துக்கு வேண்டியதை மருந்துக்கடையில் 70 டாலர் என்றார்கள். தள்ளுபடிக் கூப்பனைக் காட்டியதும் அதே கடையில் அதே மருந்து 30 டாலர். கூப்பன் பற்றித் தெரியாதவன் 70 கொடுத்துவிட்டுப் போயிருப்பான், அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஊசியை நானே தொடையில் போட்டுக்கொள்கிறேன். மருந்து கரைந்திருப்பது எதில் தெரியுமா? பருத்திக்கொட்டை எண்ணெயில். நம் மாட்டுக்கு ஆட்டி வைப்போமே, அதே கொட்டை. எண்ணெய் கெட்டியாக இருப்பதால் குப்பியை உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துச் சூடாக்க வேண்டும். தடித்த ஊசியால் உறிஞ்சி, சன்ன ஊசிக்கு மாற்றி, மெதுவாக அழுத்த வேண்டும். இதே ஹார்மோனைத் தோலில் ஜெல்லாகப் பூசினால் வலி இல்லைதான். ஆனால் பிராண்ட் ஜெல் கைக்காசில் வாங்கினால் மாதம் பல நூறு டாலர் ஆகும். பூசிய தோலைக் குழந்தை தொட்டால் அதன் உடம்பிலும் மருந்து ஏறும் என்று 2009-லேயே அரசு கடும் எச்சரிக்கை போடச் சொன்னது. பாப்பா எப்போதும் என் தோளிலேயே தொங்குகிறவள். ஜெல் வேண்டாம் என்று விட்டேன்.

காசு கரைவது மருந்தைச் சுற்றித்தான். 1990-இல் போட்ட சட்டப்படி இது கட்டுப்பாட்டு மருந்து. டாக்டர் தரும் ஒரு மருந்துச் சீட்டு ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அப்புறம் திரும்ப டாக்டர், ஒவ்வொரு தடவையும் 180 டாலர். கூடவே ரத்தப் பரிசோதனை. இந்த மருந்து ரத்தத்தைக் கெட்டியாக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு (ஹிமாட்டோகிரிட்) 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தச் சொல்வார்கள். அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. முதல் தடவை ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் கொடுத்தேன், 640 டாலருக்கு பில் வந்தது! இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே செலவு மதிப்பீட்டை எழுதித் தர வேண்டும் என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது, ஆனால் யாரும் தரவில்லை. அடுத்த தடவை கேட்டு வாங்கினேன். பார்த்துவிட்டு வெளியே ஒரு லேபுக்குப் போனேன், 120 டாலரில் முடிந்தது.

எல்லாம் சேர்த்து இனி வருஷத்துக்கு ஆயிரம் டாலருக்குள் வரும். நம் ரூபாயில் 80,000-க்கு மேல். அதில் மருந்து மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். சமாளித்துவிடுவேன்.

கோயமுத்தூரில் வாங்கி கொரியரில் அனுப்பலாம் என்று மச்சான் சொன்னாராம். அன்பில் சொல்கிறார், ஆனால் கண்டிப்பாகக் கூடாது. கட்டுப்பாட்டு மருந்தைத் தபாலில் இந்த நாட்டுக்குள் வரவழைப்பது குற்றம். கொஞ்ச நாள் நிறுத்திப் பார் என்று மாமா சொன்னதும் நடக்காது. போன வருஷம் இரண்டு நாள் காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் அளவு 300-க்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு அதில் பாதிகூட இல்லை. ஊசியை விட்டால் அசதி திரும்பும், எலும்பும் தேயும். அக்கா தினமும் தைராய்டு மாத்திரை போடுவது போலத்தான் இதுவும். உறவில் யாராவது குசுகுசுத்தால் அதையே சொல்லுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

பத்தாவது படிக்கும்போது ஹாஸ்டலில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, அப்புறம் கீழே விரைகள் இரண்டும் வீங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் வந்த சேதம்தான் இந்த ஹார்மோன் குறைவு என்கிறார் டாக்டர். அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நம் பையனுக்குச் சின்னதில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டது எம்.ஆர். ஊசி. அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும், பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. கோபியில் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போய், பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசி போட்டுவிடுங்கள். அவன் அடுத்த வருஷம் ஹாஸ்டலுக்குப் போகிறான், அதற்கு முன்னால் போட்டாக வேண்டும்.

இந்தப் பொங்கல் நோம்பிக்கு வர முடியாது. டிக்கெட் காசைப் பாலிசிக்கு எடுத்து வைக்கிறேன். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பையனுக்கு ஊசி போட்ட அன்றைக்கே எனக்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் தம்பி