குறிஞ்சிப் படமும் இரண்டு வரியும்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் முழுப்பக்கத்துக்கு வந்த நீலக்குறிஞ்சிப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் காபி ஆறிப்போனது. சரிவு முழுக்க ஊதா, அதற்குக் கீழே பள்ளத்தாக்கில் மேகம். அருமை. ஆனால் இடத்தின் பெயரையும் போகும் வழியையும் போட்டவர்கள் பூவைப் பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டதும் அந்தச் செடியே பட்டுப்போகும், அடுத்த செடி அந்த விதையிலிருந்துதான் வரவேண்டும் என்பது படம் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

2018-இல் நானும் இப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் மூணாறு பக்கமுள்ள சூரியநெல்லியில் ஜீப் பிடித்து, இடுப்பே கழன்றுவிடும்போலக் குலுங்கிக் கொழுக்குமலைக்குப் போனேன். திரும்பும்போது கூட வந்த ஒருவர் கொத்தாகப் பறித்து ஜீப்பின் முன்கண்ணாடி ஓரம் செருகியிருந்தார், கீழே இறங்குவதற்குள் துவண்டுவிட்டது (நானும் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்). மூணாறு பக்கம் அடுத்த பெரும்பூப்பு 2030-இல். அப்போதும் படத்தைத் தாராளமாகப் போடுங்கள்; வழியை மட்டும் விட்டுவிட்டு, ‘பூவைச் செடியிலேயே விட்டுவையுங்கள், அதில்தான் விதை இருக்கிறது’ என்று இரண்டு வரி சேருங்கள்.

- ஒரு வாசகர், தேனி